மோதலில் சம விசைகளும் உந்தமும்: வகுப்பறையில் சோதித்து அறியும் முறை

சுமை ஏற்றிய லாரியும் சிறிய காரும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும்போது எது எதன்மீது அதிக விசையைச் செலுத்துகிறது என்று கேட்டால், வகுப்பில் பெரும்பாலோர் லாரி என்றே விடை சொல்வார்கள். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியைச் சொல் பிசகாமல் ஒப்பிப்பவர்களும் அவர்களுள் இருப்பார்கள். இயக்கவியலில் மாணவர்களின் அடிப்படைப் புரிதலைச் சோதிப்பதற்காக ஹெஸ்டனஸ், வெல்ஸ், ஸ்வாக்ஹேமர் ஆகிய மூவரும் 1992இல் வெளியிட்ட வினாத்தொகுப்பிலும் இக்கேள்வி இடம்பெற்றுள்ளது. விதியை மனப்பாடமாக அறிந்திருப்பதற்கும் அதை நம்புவதற்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கிறது என்பதை இந்த ஒரு கேள்வியே காட்டிவிடும்.

மாணவர்களின் எண்ணம் அர்த்தமற்றது அன்று. நசுங்குவது காராகவும் நிலைகுலைவது அதில் இருப்பவர்களாகவும் இருப்பதைக் கண்டே அவர்கள் அந்த முடிவுக்கு வருகிறார்கள். விளைவு சமமாக இல்லாததால் விசையும் சமமாக இருக்க முடியாது என்று கருதுகிறார்கள். இந்த எண்ணத்தைக் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதி அகற்ற முடியாது. அவர்களுடைய கணிப்பு வெல்வதற்கும் தோற்பதற்கும் ஒரே அளவு வாய்ப்புள்ள சோதனையை அவர்கள் கையாலேயே செய்ய வைக்க வேண்டும்.

பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் உந்த மாறா விதி (உந்தம், அதாவது நிறையைத் திசைவேகத்தால் பெருக்கிய மதிப்பு, மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்தத்தில் மாறாது என்பது) ஒரு வாய்பாடாக முதலில் வந்து, அதற்கான கணக்குகள் பின்தொடர்கின்றன. இக்கட்டுரை வேறு வரிசையைப் பரிந்துரைக்கிறது. முதலில் இரு விசைகளும் சமம் என்பதை நேரடியாகக் காண வேண்டும். அடுத்து, அவை செயல்படும் நேரமும் ஒன்றே என்பதை உணர வேண்டும். அதன் பிறகே உந்தத்தைக் கணக்கிட வேண்டும். இந்த வரிசையில் சென்றால் உந்த மாறா விதி மாணவருக்குப் புதிய விதியாகத் தோன்றாது. தாம் ஏற்கெனவே கண்டவற்றிலிருந்து தாமே வந்து சேரும் முடிவாக இருக்கும்.

தொடங்கும் முன் கணிப்பை எழுத்தில் பெறுதல்

எந்தச் சோதனையையும் செய்து காட்டுவதற்கு முன் மாணவர் ஒவ்வொருவரும் தம் கணிப்பைத் தாளில் எழுதித் தர வேண்டும். வாய்மொழியாகக் கேட்டால் ஒருவர் சொன்னதையே பலரும் திருப்பிச் சொல்வார்கள். சோதனை முடிந்ததும் தாம் நினைத்ததும் அதுவே என்று பலர் நேர்மையாகவே நம்பத் தொடங்கிவிடுவார்கள். நான்கு சூழல்களைக் கொடுத்தால் போதும்: சம நிறையுள்ள இரு வண்டிகளில் ஒன்று ஓடிவந்து நிற்கும் மற்றொன்றை மோதுவது, கனமான வண்டி நிற்கும் இலேசான வண்டியை மோதுவது, இலேசான வண்டி நிற்கும் கனமான வண்டியை மோதுவது, மோதியபின் இரண்டும் ஒட்டிக்கொள்வது. ஒவ்வொன்றிலும் முதல் வண்டி இரண்டாவதன்மீது செலுத்தும் விசை பெரியதா, சிறியதா, சமமா என்பதோடு, ஏன் அவ்வாறு கருதுகிறார்கள் என்பதையும் ஒரு வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்தக் காரணங்களைப் படித்தால் இரண்டு எண்ணங்கள் கலந்திருப்பது தெரியும். கனமானது அதிக விசை செலுத்தும் என்பது ஒன்று. ஓடிவருவதே விசை செலுத்துகிறது, நிற்பது அதை வாங்கிக்கொள்ள மட்டுமே செய்கிறது என்பது மற்றொன்று. இரண்டாவது எண்ணமே ஆழமாக வேரூன்றியது என்பதால், இலேசான வண்டி ஓடிவந்து கனமான வண்டியை மோதும் மூன்றாவது சூழலை விட்டுவிடக் கூடாது. அங்கேதான் இரண்டு எண்ணங்களும் எதிரெதிர்த் திசையில் இழுத்து, மாணவரைத் தாமாகவே யோசிக்க வைக்கின்றன.

சம நிறைகளை மட்டும் வைத்து இந்தப் பாடத்தை நடத்துவது வீண் என்றே சொல்வேன். சம நிறைகள் மோதும்போது விசை, முடுக்கம், திசைவேக மாற்றம் ஆகிய மூன்றும் இரு பக்கமும் சமமாகிவிடுவதால், எது எதற்குக் காரணம் என்பதே மறைந்துபோகும். வரிசையாகத் தொங்கும் எஃகுக் குண்டுகள் கொண்ட நியூட்டன் தொட்டில் பார்ப்பதற்கு அழகானது. ஆயினும் அதை வைத்துத் தொடங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கருவிகளும் தடத்தைச் சமன்செய்தலும்

தேவையானவை இரண்டு ட்ராலி வண்டிகள், ஒன்றரை மீட்டர் அளவுள்ள நேரான தடம், வண்டியின்மேல் ஏற்றக்கூடிய எடைகள், வளைத்து வளையமாக்கக்கூடிய மெல்லிய எஃகுப் பட்டைகள், வெல்க்ரோ அல்லது களிமண், ஒரு தராசு, நொடிக்கு 240 படங்கள் எடுக்கக்கூடிய கைபேசி. காற்றுத் தடம் இருந்தால் உராய்வு மிகவும் குறையும். இல்லாவிட்டாலும் நன்றாக உருளும் சக்கரங்களே போதும். விசை உணரிகளும், ஒளிக்கதிர் மறைக்கப்படும் நேரத்தை அளக்கும் ஒளிவாயில்களும் இருந்தால் மிகவும் நல்லது.

தடத்தைச் சமன்செய்வதில் செலவிடும் நேரம் ஒருபோதும் வீணாகாது. ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பது தொடக்கத்திற்கு உதவும். ஆனால் ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் சாய்வு இருந்தாலே வண்டிக்கு நொடிக்கு நொடி ஏறத்தாழ 0.01 மீ/வி வேகம் கூடும் அல்லது குறையும்; 0.20 மீ/வி வேகத்தில் ஊர்ந்து செல்லும் வண்டியில் இது ஒரு நொடியிலேயே ஐந்து விழுக்காட்டுப் பிழையாகிவிடும். எனவே வண்டியையே கருவியாகக் கொள்ள வேண்டும். அதை மெல்லத் தள்ளிவிட்டு, தடத்தின் இரண்டு இடங்களில் அதன் வேகத்தை அளந்து, இரண்டும் ஒத்திருக்கும்வரை தடத்தின் ஒரு முனையைத் தாளை மடித்துவைத்து உயர்த்துங்கள். வண்டி ஒரு திசையில் மட்டுமே ஓடும் சோதனைகளில் இவ்வாறு உராய்வை ஈடுசெய்யலாம். மோதியபின் ஒரு வண்டி திரும்பிவரும் சோதனைகளில் இந்த ஈடு எதிர்த்திசையில் பிழையாக மாறும் என்பதால், தடத்தைக் கிடைமட்டமாகவே வைத்துக்கொண்டு, மோதலுக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் வேகத்தை அளப்பதே முறை.

சம விசையைக் கண்ணால் காணுதல்

மிக எளிய தொடக்கம் இரண்டு சுருள்வில் தராசுகள். இரண்டையும் கிடைமட்டமாக வைத்துச் சுழியைச் சரிசெய்தபின் கொக்கியோடு கொக்கி மாட்டி, ஒருவர் இழுக்க மற்றவர் வெறுமனே பிடித்துக்கொண்டிருக்கட்டும். இழுப்பவர் கையிலுள்ள தராசு அதிகம் காட்டும் என்று எதிர்பார்த்தவர்கள் இரண்டும் ஒரே அளவைக் காட்டுவதைக் காண்பார்கள். உடனே ஒரு நியாயமான மறுப்பு எழும்: எதுவும் நகராததால்தான் சமமாக இருக்கிறது, நகர்ந்தால் மாறிவிடும் என்பார்கள். அந்த மறுப்பை மதித்து, ஒரு தராசைச் சுமை ஏற்றிய வண்டியில் கட்டி, மற்றதை அதில் மாட்டி, வண்டி வேகமெடுக்கும்படி இழுத்துக் காட்டுங்கள். ஓடும்போது படித்துவிட முடியாது என்பதால் இரண்டு அளவுகோல்களும் ஒரே சட்டத்தில் தெரியும்படி காணொளி எடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். தராசுகள் இலேசாக இருக்கும்வரை அளவுகள் ஒத்தே இருக்கும்.

அடுத்தது மோதல். எஃகுப் பட்டைகளை ஒரே நீளத்திற்கு வெட்டி, வட்ட வளையங்களாக வளைத்து, இரு வண்டிகளின் முன்புறத்திலும் பொருத்துங்கள். வளையங்கள் ஒரே விறைப்பு உடையவை என்பதை முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டும்: ஒவ்வொன்றின்மேலும் அதே எடையை வைத்து, அது எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று மாணவர் முன்னிலையிலேயே அளந்து காட்டுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் பின்னர் காண்பதற்குப் பொருளே இல்லை. வளையம் எவ்வளவு அமுங்குகிறதோ அந்த அளவுக்கு விசை என்ற எண்ணம் இங்கேதான் அவர்களிடம் உறுதிப்படுகிறது.

இப்போது ஒரு வண்டியில் மற்றதைப் போல இரு மடங்கு நிறையை ஏற்றி, அதை நிற்கும் இலேசான வண்டியின்மீது ஓடவிட்டு, மோதும் இடத்திற்கு நேர் மேலிருந்து மெதுவியக்கக் காணொளி எடுங்கள். நொடிக்கு 240 படங்கள் என்றால் அடுத்தடுத்த இரு படங்களுக்கு இடையே ஏறக்குறைய 4 மில்லிநொடி. மோதல் 80 மில்லிநொடி நீடித்தால் ஏறத்தாழ 19 படங்கள் கிடைக்கும். அவற்றை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்கும்போது, வளையங்கள் தொட்டவுடன் இரண்டும் சற்றே தட்டையாகி, பிறகு முட்டை வடிவாகி, ஒரு படத்தில் மிகவும் ஒடுங்கி நின்று, அதே படிகளில் மீண்டும் விரிவது தெரியும். கனமான வண்டியின் வளையமும் இலேசான வண்டியின் வளையமும் எந்தப் படத்திலும் ஒன்றைவிட ஒன்று அதிகமாக அமுங்குவதில்லை. திரையில் அளவுகோலை வைத்து இரண்டின் அகலத்தையும் அளக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்திலேயே பின்னணியில் இலேசான வண்டி வேகமெடுத்து விலகுவதும், கனமான வண்டி வேகம் குறைந்து தொடர்வதும் தெரியும். சமமான விசையும் சமமற்ற விளைவும் ஒரே படச்சட்டத்தில் அருகருகே நிற்கின்றன என்பதே இந்தச் சோதனையின் தனிச்சிறப்பு. விலையுயர்ந்த உணரிகள் இருக்கும் ஆய்வகத்திலும் இதைத் தவிர்க்க வேண்டாம்.

வளையங்களுக்குப் பதிலாக ஒன்றையொன்று விலக்கும் காந்தங்களை வண்டிகளில் பொருத்தினால், தொடாமலேயே மோதல் நிகழும். இதிலும் உந்தக் கணக்கு பிசகாது. தொடுவதால்தான் எதிர்விசை உண்டாகிறது என்று எண்ணுபவர்களுக்கு இது நல்ல மாற்றுச் சான்று.

விசை உணரிகளைக் கொண்டு அளத்தல்

இரண்டு விசை உணரிகள் இருந்தால் அவற்றை வண்டிகளின்மேல் ஒன்றையொன்று நோக்கும்படி பொருத்தி, இரண்டையும் கணினியோடு சேர்க்கும் ஒரே இணைப்புக் கருவியில் சொருகுங்கள். தனித்தனிக் கருவிகளில் சொருகினால் இரண்டின் கடிகாரங்களும் ஒத்துப்போகாமல், ஒரு வண்டி முதலில் விசையை உணர்ந்து மற்றது பின்னர் உணர்ந்ததுபோன்ற பொய்த்தோற்றம் ஏற்படும். வினைக்குப் பிறகே எதிர்வினை வருகிறது என்ற தவறான எண்ணத்திற்கு அது சான்றாகிவிடக்கூடும். மோதல் திசையில் கிடைமட்டமாக வைத்த நிலையிலேயே சுழியைச் சரிசெய்ய வேண்டும். நிமிர்த்திவைத்துச் சரிசெய்தால் முனையின் எடையும் அளவில் சேர்ந்துவிடும்.

மாதிரி எடுக்கும் வீதம் மிகவும் முக்கியம். மோதல் 10 மில்லிநொடியே நீடிக்கும்போது நொடிக்கு 100 அளவீடுகள் மட்டும் எடுத்தால், மோதல் முழுவதற்கும் ஒரே ஒரு புள்ளி கிடைக்கலாம். அந்தப் புள்ளி ஒரு உணரியில் உச்சத்திலும் மற்றதில் சரிவிலும் விழுந்தால் விசைகள் சமமற்றவைபோலத் தெரியும். நொடிக்கு 1000 அளவீடுகளுக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு, முனைகளில் மென்மையான வில் அல்லது ரப்பரைப் பொருத்தி மோதலை நீட்டிக்க வேண்டும். பள்ளிகளில் பயன்படும் உணரிகள் பலவற்றின் உச்ச அளவு 50 நியூட்டன். கடினமான முனைகள் வேகமாக மோதினால் விசை அதைத் தாண்டிவிடும். வரைபடத்தின் உச்சி கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. அந்தப் பதிவை ஒதுக்கிவிட்டு மெதுவாக மோதவிட்டுப் பாருங்கள். உணரியின் முன்னால் பொருத்தும் முனையும் இலேசாகவே இருக்கட்டும். கனமான முனை தானும் முடுக்கப்படுவதால் உணரி காட்டும் விசைக்கும் மோதும் இடத்தில் உள்ள விசைக்கும் சிறு வேறுபாடு வரும்.

எல்லாம் சரியாக அமைந்தால் திரையில் இரண்டு மேடுகள் தோன்றும். ஒன்று அச்சுக்கு மேலும் மற்றது கீழும், கண்ணாடிப் பிம்பம்போல. ஒன்றின் குறியை மாற்றி மற்றதன்மேல் பொருத்தினால் இரு கோடுகளும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றாகிவிடும். மாணவர்கள் எழுதித் தந்த நான்கு சூழல்களையும் வரிசையாகச் செய்து, ஒவ்வொரு முறையும் கணிப்புத் தாளை எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். எதையும் விளக்க அவசரப்பட வேண்டாம். எந்தச் சூழலில் கோடுகள் பிரியும் என்று அவர்களே நிறைகளையும் வேகங்களையும் மாற்றித் தேடட்டும். ஒட்டிக்கொள்ளும் மோதலிலும், இரண்டும் எதிரெதிரே ஓடிவரும் மோதலிலும், கையால் தள்ளும்போதும்கூடப் பிரிவதில்லை என்று தாங்களே தேடிச் சலித்து அறிந்தது நெடுநாள் நிற்கும்.

விசையிலிருந்து உந்தத்திற்கு

ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் இரு பொருள்களுக்கும் ஒன்றே. முதல் வண்டி இரண்டாவதைத் தொடும்போது இரண்டாவதும் முதலாவதைத் தொட்டுக்கொண்டுதானே இருக்கிறது! கேட்டவுடன் வெளிப்படையாகத் தெரியும் இந்த உண்மையே விசைக்கும் உந்தத்திற்கும் பாலமாக அமைகிறது. விசையை அது செயல்படும் நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது கணத்தாக்கு. விசை சமம், நேரம் சமம், ஆகவே கணத்தாக்கும் சமம். திசைகள் மட்டுமே எதிர். கணத்தாக்கு உந்த மாற்றத்திற்குச் சமம் என்பதால், ஒன்று இழக்கும் உந்தத்தை மற்றது அப்படியே பெறுகிறது. உந்த மாறா விதியின் உள்ளடக்கம் இவ்வளவே.

விசை–நேர வரைபடத்தின் கீழுள்ள பரப்பை மென்பொருளே கணக்கிட்டுத் தரும். இல்லாவிட்டால் வரைபடத்தாளில் அச்சிட்டுச் சதுரங்களை எண்ணலாம். எண்ணுவது மாணவருக்கு இன்னும் நல்லது. அந்தப் பரப்பை, நிறையைத் திசைவேக மாற்றத்தால் பெருக்கிய மதிப்போடு ஒப்பிட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1.0 கிலோகிராம் வண்டி 0.60 மீ/வி வேகத்தில் வந்து, நிற்கும் 0.50 கிலோகிராம் வண்டியை வளையவில்லால் மோதுகிறது. மோதியபின் கனமானது 0.22 மீ/வி வேகத்திலும் இலேசானது 0.76 மீ/வி வேகத்திலும் அதே திசையில் செல்வதாகக் கொள்வோம். கனமானதன் உந்தம் 0.60இலிருந்து 0.22ஆகக் குறைந்து 0.38 கி.கி. மீ/வி இழப்பு, இலேசானதன் உந்தம் சுழியிலிருந்து 0.38ஆக உயர்வு. மோதல் 0.080 நொடி நீடித்திருந்தால் சராசரி விசை இரண்டின்மீதும் 4.75 நியூட்டன். ஆனால் அந்த ஒரே விசை கனமான வண்டிக்கு 4.75 மீ/வி² முடுக்கத்தையும் இலேசான வண்டிக்கு 9.5 மீ/வி² முடுக்கத்தையும் தருகிறது. மாணவர் தொடக்கத்தில் கண்ட சமமின்மை எங்கே இருக்கிறது என்பது இப்போது தெளிவாகும்: விசையில் இல்லை, நிறையால் வகுத்தபின் கிடைக்கும் முடுக்கத்தில் இருக்கிறது. லாரியும் காரும் பற்றிய கேள்விக்கு இந்த இடத்தில் திரும்பி வந்து, அவர்களுடைய கவனிப்பு சரியானதே, அதற்கு இட்ட பெயர்தான் மாற வேண்டும் என்று சொல்வது பொருத்தமானது.

திசையை மறக்காத கணக்கு

இலேசான வண்டியை ஓடவிட்டுக் கனமானதை மோதவிடும்போது பெரும்பாலான அறிக்கைகள் தடுமாறும். 0.50 கிலோகிராம் வண்டி 0.60 மீ/வி வேகத்தில் வந்து 1.0 கிலோகிராம் வண்டியை அதே வளையவில்லால் மோதினால், கனமானது ஏறத்தாழ 0.38 மீ/வி வேகத்தில் முன்னே செல்ல, இலேசானது 0.16 மீ/வி வேகத்தில் பின்னே திரும்பும். ஒளிவாயில் வேகத்தின் அளவை மட்டுமே தரும்; திசையைத் தராது. குறியைக் கவனிக்காமல் கூட்டினால் மோதலுக்கு முன் 0.30, பின் 0.46 என்று உந்தம் எங்கிருந்தோ முளைத்ததுபோல் தோன்றும். திரும்பிவரும் வண்டிக்கு எதிர்க்குறி இட்டால் 0.38 − 0.08 = 0.30 என்று கணக்கு நேராகும். மோதப்பட்ட வண்டி, மோதிய வண்டியிடம் முதலில் இருந்த உந்தத்தைவிட அதிகமான உந்தத்தைப் பெற்றுச் செல்கிறது என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். வியப்பான இந்த முடிவை மாணவர் தம் சொற்களில் விளக்க முடிந்தால் பாடம் சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இந்தத் தடுமாற்றத்திற்காக மாணவரைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவஞானி டெக்கார்ட்டும் திசையை விட்டுவிட்டு நிறையையும் வேகத்தின் அளவையும் பெருக்கியே இயக்கத்தின் அளவைக் கணக்கிட்டார்; அவர் தந்த மோதல் விதிகளில் பல சோதனைக்கு ஒவ்வாமல் போயின. லண்டன் ராயல் சொசைட்டியின் கேள்விக்கு விடையாக 1668–69இல் வாலிஸ், ரென், ஹைகன்ஸ் ஆகிய மூவரும் அனுப்பிய ஆய்வுகளில்தான் மோதலின் விதிகள் சரியான வடிவம் பெற்றன.

ஒட்டிக்கொள்ளும் மோதலும் விலகிப் பாய்தலும்

வளையவில்லைக் கழற்றிவிட்டு வெல்க்ரோவையோ களிமண்ணையோ பொருத்தினால் வண்டிகள் ஒட்டிக்கொள்ளும். 0.50 கிலோகிராம் வண்டி 0.60 மீ/வி வேகத்தில் வந்து 1.0 கிலோகிராம் வண்டியோடு ஒட்டினால் இரண்டும் 0.20 மீ/வி வேகத்தில் செல்ல வேண்டும். உந்தம் 0.30ஆகவே நிற்கிறது, இயக்க ஆற்றலோ 0.09 ஜூலிலிருந்து 0.03 ஜூலாக, மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. உந்தமும் ஆற்றலும் ஒன்றே என்று குழப்பிக்கொள்பவர்களுக்கு இந்த ஒரு சோதனை போதும். ஒட்டும்போது கைமாறும் உந்தம் 0.20 என்பதையும், வளையவில்லில் எகிறியபோது அது 0.38ஆக இருந்ததையும் ஒப்பிட்டால், எகிறிவிழும் மோதலில் கணத்தாக்கு ஏன் பெரியது என்பதும் விளங்கும்.

இதற்கு நேர்மாறான சோதனையில் இரு வண்டிகளும் அருகருகே நிற்க, இடையே அமுக்கிவைத்த வில் விடுவிக்கப்படுகிறது. இதற்கு நேரம் அளக்கும் கருவியே தேவையில்லை. தடத்தின் இரு முனைகளிலும் மரக்கட்டைகளைத் தடுப்பாக வைத்து, இரண்டு வண்டிகளும் தடுப்பை மோதும் ஒலி ஒன்றாகவே கேட்கும்வரை தொடங்கும் இடத்தை நகர்த்துங்கள். நேரம் சமமாகிவிட்டதால் கடந்த தொலைவுகளின் விகிதமே வேகங்களின் விகிதம். நிறைகள் 1:2 என்றால் தொலைவுகள் 2:1ஆக அமையும். தொலைவை ஒவ்வொரு வண்டியின் முன்விளிம்பிலிருந்து அதற்குரிய தடுப்புவரை அளக்க வேண்டும். நடுவிலிருந்து அளந்தால் வண்டியின் நீளமும் சேர்ந்து கணக்கு கெடும்.

வண்டிகள் இல்லாத வகுப்பில் எஃகுக் குண்டுகள்

நடுவே பள்ளமுள்ள அளவுகோல் ஒன்றும் எஃகுக் குண்டுகள் சிலவும் இருந்தாலே உந்தத்தைத் துல்லியமாகச் சோதிக்க முடியும். அளவுகோலை வளைத்துச் சரிவாக்கி, அதன் அடிமுனை மேசை விளிம்பில் கிடைமட்டமாக முடியும்படி பொருத்துங்கள். சரிவின் முனையில் ஒரு திருகாணியின் தலைமேல் இரண்டாவது குண்டை நிறுத்தி, முதல் குண்டை ஒரே உயரத்திலிருந்து உருளவிட்டால், மோதியபின் இரண்டும் ஒரே உயரத்திலிருந்து விழும். விழும் நேரம் இரண்டிற்கும் ஒன்றே, 80 செ.மீ. உயரமான மேசைக்கு அது ஏறத்தாழ 0.40 நொடி. எனவே கிடைமட்டத்தில் குண்டு எவ்வளவு தூரம் சென்று விழுகிறதோ அதுவே அதன் கிடைமட்ட வேகத்தின் அளவு. தரையில் வெள்ளைத்தாளும் அதன்மேல் கார்பன் தாளும் விரித்தால் விழுந்த இடம் புள்ளியாகப் பதிந்துவிடும். விளிம்பின் நேர்கீழ்ப் புள்ளியைத் தூக்குக்குண்டு தொங்கவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் குண்டை மட்டும் தனியாக உருளவிட்டு அது விழும் இடத்தை முதலில் பதிவுசெய்ய வேண்டும். சரிவின் உயரத்தைக் கொண்டு வேகத்தைக் கணக்கிட முயல வேண்டாம்; உருளும் குண்டின் ஆற்றலில் ஒரு பகுதி சுழற்சிக்குப் போய்விடுவதால் அந்தக் கணக்கு உண்மையைவிட அதிக வேகத்தைத் தரும். உருட்டும் குண்டு இலக்குக் குண்டைவிடக் கனமானதாக இருக்கட்டும். இலேசானதாக இருந்தால் பின்னோக்கி எகிறித் தடத்திலேயே விழுந்துவிடும். ஒரே இடத்திலிருந்து பலமுறை உருட்டி, புள்ளிகள் அடர்ந்து விழும் இடத்தின் மையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளிகள் பரவியிருக்கும் அகலமே அளவீட்டின் நம்பகத்தன்மையைச் சொல்லிவிடும்.

இலக்குக் குண்டைச் சற்றே பக்கவாட்டில் நகர்த்திவைத்தால் மோதல் சாய்வாகி, இரண்டு குண்டுகளும் இரு திசைகளில் விழும். விழுந்த புள்ளிகளுக்கு அம்புக்குறி வரைந்து, நிறையால் பெருக்கி, இணைகர விதிப்படி கூட்டினால் முதல் குண்டு தனியே சென்ற திசையிலும் அளவிலும் விடை வந்து நிற்கும். உந்தம் திசையுள்ள அளவு என்பதை இதைவிடத் தெளிவாகத் தாளில் பார்க்க முடியாது.

முடிவுகள் பிசகும்போது தேட வேண்டிய இடங்கள்

மோதலுக்கு முன் 0.60, பின் 0.58 என்று வந்தால் அது மூன்று விழுக்காடு வேறுபாடு, நல்ல அளவீடு. பத்து விழுக்காட்டைத் தாண்டினால் காரணத்தைத் தேட வேண்டும். வண்டியின் நிறையை உணரி, வளையம், ஒளிவாயிலை மறைக்கும் அட்டை அனைத்தும் பொருத்தியபின் தராசில் அளந்தார்களா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும். உணரியின் கம்பி வண்டியை இழுக்கிறதா, ஏற்றிய எடை மோதும்போது நழுவுகிறதா, மோதும் முனைகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா, மோதலின்போது ஏதேனும் ஒரு சக்கரம் தடத்தைவிட்டு எழும்புகிறதா என்பவை அடுத்தவை. எடைகளைப் பட்டையால் இறுகக் கட்டிவைப்பது அளவீட்டிற்கும் கால்விரல்களுக்கும் நல்லது.

நியூட்டனும் இத்தகைய பிழைகளைக் கணக்கில் கொண்டே சோதித்தார். பத்து அடி நீள ஊசல்களில் குண்டுகளைத் தொங்கவிட்டு மோதவைத்து, மோதல் இல்லாமல் ஊசல் ஆடும்போது காற்றுத்தடையால் எவ்வளவு வீச்சு குறைகிறது என்பதைத் தனியே அளந்து, அதைக் கழித்துக் கணக்கிட்டார். சம நிறைகளோடு சமமற்ற நிறைகளையும், எஃகோடு தக்கை, கம்பளி, கண்ணாடி ஆகியவற்றையும் சோதித்து, 1687இல் வெளியிட்ட தம் நூலில் பதிவுசெய்தார். கண்ணாடிக் குண்டுகள் நெருங்கிய வேகத்தில் 15/16 பங்கு வேகத்தோடும், கம்பளி உருண்டைகள் 5/9 பங்கு வேகத்தோடும் விலகின. ஆனால் எந்தப் பொருளிலும் ஒன்று இழந்த உந்தமும் மற்றது பெற்ற உந்தமும் ஒத்தே இருந்தன.

வண்டி தடத்தின் முனையிலுள்ள தடுப்பில் மோதித் திரும்பும்போது உந்தம் மாறிவிட்டதே என்ற கேள்வி கட்டாயம் வரும். வராவிட்டால் ஆசிரியரே எழுப்ப வேண்டும். தடுப்பு தடத்தோடும், தடம் மேசையோடும், மேசை தரையோடும் பிணைந்திருப்பதால், வண்டி இழந்த உந்தம் அளந்தறிய முடியாத அளவு பெரிய நிறையிடம் போய்ச் சேர்கிறது. தடத்தையே உருளைகளின்மேல் வைத்து இதே மோதலை நிகழ்த்தினால், வண்டி முனையை இடித்தவுடன் முழுத் தடமும் அதன் திசையில் நகர்வதை மாணவர்கள் பார்க்கலாம்; தடத்தின் நிறையையும் அது நகர்ந்த வேகத்தையும் அளந்து, வண்டியின் உந்த மாற்றத்தோடு ஒப்பிடுவதை அடுத்த வகுப்பின் சோதனையாகக் கொடுக்கலாம்.